உயரும் தாங்கி, நிமிரும் முதுகு

கருவி மனிதனுக்காகவே ஆக்கப்பட்டது; மனிதன் கருவிக்காக ஆக்கப்படவில்லை. எளிய இவ்வுண்மையை நம் இல்லங்களிலேயே மறந்துவிடுகிறோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் எத்தனையோ வீடுகள் தொழிற்கூடங்களாகவும் விளங்குகின்றன. காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை ஜோடிக் கணக்கில் வீடு தேடி வருகிறது. தாய்மார் அடுப்படி வேலையை முடித்துத் தரையில் அமர்ந்து, மடியில் தோலை வைத்து, தலை கவிழ்ந்து தைக்கின்றனர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுகிறது. கழுத்துவலியும் இடுப்புவலியும் எக்கணக்கிலும் சேர்வதில்லை.

இவ்வலியை விதியென்று ஏற்குமுன், நம் வேலூரின் வரலாற்றை நினைவுகூர்வோம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்கள் செயலிழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொடங்கிய புதுவாழ்வு மையத்தில், உணர்ச்சியற்ற கைகளைப் புண்படுத்தாவண்ணம் கருவிகளின் பிடிகள் திருத்தப்பட்டன. இரண்டிலும் உடலுக்கேற்ப வேலை அமைக்கப்பட்டது. அறுவை மேசைக்குப் பொருந்தும் நியாயம் தையற்காரியின் பலகைக்குப் பொருந்தாதோ?

உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இரும்புத் தாங்கி ஒன்றை எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து கொள்ளலாம். 38 மில்லிமீட்டர் சதுரக் குழாய் ஒன்று, அதனுள் நுழையும் 32 மில்லிமீட்டர் குழாய் ஒன்று, இரண்டும் 45 சென்டிமீட்டர் நீளம். வெளிக்குழாயின் மேல்முனை அருகே ஒரு துளையும், உட்குழாயில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு துளையும் இட்டு, ஊடே ஆணி செருகினால் உயரம் நிலைக்கும். வெளிக்குழாயின் பக்கவாட்டில் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகாணியால் இறுக்கினால் ஆட்டமும் நிற்கும். எவ்வளவு உயர்த்தினாலும் உட்குழாய் 15 சென்டிமீட்டராவது உள்ளே இருத்தல் வேண்டும்.

அடியில் மூன்று கால்கள் போதும். மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால்கள் தள்ளாடுவதில்லை. ஆனால் கால்கள் அகன்றிருக்க வேண்டும். பலகை அவற்றுக்கு வெளியே நீண்டால் தாங்கி கவிழும். துத்தநாகம் பூசிய குழாயைத் தவிர்க்கவும்; பற்றவைக்கும்போது எழும் அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். துளைகளின் பிசிறுகளை அரத்தால் தேய்த்துவிட்டால் பிள்ளைகளின் விரல்கள் தப்பும்.

இத்தாங்கி ஏறக்குறைய 50 முதல் 80 சென்டிமீட்டர் வரை உயரும். அளவுகோல் அவரவர் முழங்கையே. நுண்ணிய தையலுக்குப் பலகை முழங்கைக்குச் சற்று மேலே இருக்கட்டும். சுத்தியலால் தட்டும் வேலைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். தாய் முக்காலியில் அமர்ந்து தைத்த அதே தாங்கியில், மகன் நின்றுகொண்டு ஆணி அடிக்கலாம்.

நியாயமான கூலிக்கு இத்தாங்கி ஈடாகாது. இடையிடையே எழுந்து நடக்கும் ஓய்வுக்கும் ஈடாகாது. அவ்விரண்டையும் கேட்டுப் பெறும் கடமை நமக்கு உண்டு. ஆனால் அதுவரை முதுகு காத்திராது. பட்டறையில் பணிபுரியும் மைந்தர்களே, ஊராருக்குக் கதவும் சன்னலும் செய்து தருகிறீர்கள். உங்கள் அன்னையின் முழங்கை உயரத்தை இன்று மாலையே அளந்து பாருங்கள்.