வாசலில் வைக்கும் விளக்கு

யூதர்களுக்கு ஹனுக்கா என்று எட்டு நாள் விளக்குத் திருவிழா உண்டு. நம் கார்த்திகை தீபத்தை ஒட்டியோ மார்கழி வாக்கிலோ வரும். முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போய் எட்டாம் நாள் எட்டும் எரியும். எளாவூரில் எங்கள் தெருவில் திண்ணையிலும் மாடத்திலும் அகல் வைப்பதுபோல, அவர்களும் அதை வாசலில் வைக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர் தெருப்பக்க ஜன்னலில் வைக்கலாம். போகிற வருகிறவர் கண்ணில் படுவதற்காகவே ஏற்றும் விளக்கு அது. இந்த விதியைச் சொல்லும் தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூல் கூடவே ஒரு விலக்கும் தருகிறது: ஆபத்துக் காலத்தில் வீட்டுக்குள் மேசைமேல் வைத்தால் போதும். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே அப்படியொரு விலக்கு தேவைப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இன்றைக்கும் தேவைப்படுகிறது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், யூத ஜெபாலயத்துக்கு ஓய்வுநாள் தொழுகைக்காக வந்திருந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலும் காசாப் போரும் தொடங்கிய பிறகு பல ஊர்களில் யூதர்கள் தலைக்குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள், கழுத்துச் சங்கிலியில் தொங்கும் ஆறுமுனை நட்சத்திரத்தைச் சட்டைக்குள் தள்ளிவிடுகிறார்கள். காசாவில் குழந்தைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. இஸ்ரேல் அரசைக் கேள்வி கேட்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அதற்காகப் பாரிஸில் பள்ளிக்கூடம் போகும் ஒரு யூதப் பிள்ளையின் குல்லாவை ஏன் தட்டிவிட வேண்டும்? அந்தப் பிள்ளை என்ன செய்தது? இவ்வளவுக்கு நடுவிலும் நட்சத்திரத்தைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

இந்திய மண்ணில் யூதர்களை யாரும் தொட்டதில்லை என்று மேடையில் சொல்வது நமக்கு வழக்கம். பெருமளவு உண்மைதான். ஆனால் கோவாவை மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறோம். கார்சியா டா ஓர்டா என்ற மருத்துவர் 1534இல் போர்ச்சுகலிலிருந்து கோவா வந்தார். நம் மிளகு, இலவங்கப்பட்டை, ஏலக்காய் பற்றியெல்லாம் அருமையான நூல் ஒன்றை எழுதி 1563இல் அங்கேயே அச்சிட்டார். அவருடைய குடும்பம் கட்டாயத்தால் கிறிஸ்தவமாக்கப்பட்ட யூதக் குடும்பம். உயிரோடு இருந்தவரை அவர் எப்படியோ தப்பித்துக்கொண்டார். 1568இல் அவர் இறந்த மறுவருஷமே, ரகசியமாக யூதச் சடங்கு செய்தாள் என்று அவர் தங்கையை உயிரோடு எரித்தது கோவாவை ஆண்ட போர்ச்சுகீசியரின் மதவிசாரணை மன்றம். அத்தோடும் விடவில்லை. 1580இல் அவருடைய எலும்பைத் தோண்டியெடுத்துக் கொளுத்தினார்கள். ஒளித்து வாழ்ந்தவருக்குக் கல்லறைகூடத் தங்கவில்லை.

அதே காலத்தில் கொச்சியில் கதை வேறு. 1568இல், கார்சியா இறந்த அதே வருஷம், மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டியே ஜெபாலயம் எழுந்தது. 1662இல் போர்ச்சுகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். மறுவருஷம் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. எங்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கம்பெனிதான் கொச்சியைப் பிடித்ததும். அந்தக் கம்பெனியை நான் புகழ மாட்டேன். பழவேற்காட்டுக் கரையிலிருந்து நம் சனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) விற்றதும் அவர்களே.

கொச்சி யூதத் தெருவில் சாரா கோஹன் என்ற பாட்டியம்மாவின் தையல் கடை பிரசித்தம். குல்லா, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி இவற்றில் ஹீப்ரு எழுத்தைப் பூத்தையலாகப் போட்டுத் தருவார். தெருவைப் பார்த்து உட்கார்ந்து, தன் பெயரையே பலகையில் எழுதி வைத்து நடத்திய கடை. 2019இல் 96 வயதில் அவர் காலமாகும்வரை கூட இருந்து பார்த்துக்கொண்டவர் பக்கத்திலிருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்து மனிதர். அந்தக் கடையில் யூதக் குல்லா தைத்த கைகளில் அவருடைய கைகளும் உண்டு.

அந்த மட்டாஞ்சேரி ஜெபாலயத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சத்தார் என்று ஒரு பிரிவினரை அங்கே உள்ளே சமமாக உட்காரவிடவில்லை. அந்தப் பிரிவில் பிறந்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் தளர்ந்தன. 'யூத காந்தி' என்றே ஊர் அவரை அழைத்தது. தன் சமூகத்தின் மீது அவ்வளவு பெருமை இருந்ததால்தான் அதன் அழுக்கைப் பொறுக்க முடியாமல் வாசலில் உட்கார்ந்தார் என்று நான் நினைக்கிறேன். எனக்கு இந்தக் கதையில் அதிகம் பிடித்த மனிதர் அவர்தான்.

சென்னைக்கும் இந்த யூதக் கதையில் பங்குண்டு. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்கள் இருந்தார்கள். பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போனவர்கள். மண்ணடியில் பவளக்காரத் தெரு இன்னும் இருக்கிறது.

2008 நவம்பரில் பயங்கரவாதிகள் தாக்கியபோது, மும்பையின் யூத மையமான நாரிமன் ஹவுஸில் ரப்பி கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க், அவர் மனைவி ரிவ்கா உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டதும் இந்த மண்ணில்தான். அவர்களுடைய இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியவர் ஆயா சாண்ட்ரா சாமுவேல். 2014இல் அந்த வீடு அதே இடத்தில் திரும்பத் திறந்தது.

கல்கத்தா யூதக் குடும்பத்தில் பிறந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், ஹிட்லரின் கொடுமையைக் கேள்விப்பட்டு 1940களில் ராணுவத்தில் சேர்ந்தவர். 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவைப் பேசி முடித்தவர். யூதர் என்பதை எங்கேயும் மறைத்ததில்லை. 1998இல் இவர் கோவாவின் ஆளுநர் ஆனார். கார்சியாவின் எலும்பை எரித்த அதே கோவா. 2016இல் இறந்தபோது டெல்லி யூதக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். கண்டிப்பான ஆசிரியரை 'ஹிட்லர் வாத்தியார்' என்கிறோம். பிள்ளைக்கு ஹிட்லர் என்று ஆசையாகப் பெயர் வைத்தவர்களும் நம் நாட்டில் உண்டு. பிரிட்டிஷ்காரனை எதிர்த்தவன், நேதாஜிக்குக் கை கொடுத்தவன் என்று அதற்கொரு சமாதானம் வேறு. 60 லட்சம் யூதர்களைக் கொன்றவன் அவன். பக்கத்து வீட்டில் ஒரு யூதர்கூட இல்லாத நாம், நமக்கு இதில் என்ன என்று இருந்துவிடுகிறோம். புத்தகக் கடைகளில் அவனுடைய 'எனது போராட்டம்' தமிழில் அடுக்கி வைத்திருக்கிறது, பையன்கள் வாங்கிப் போகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து எழுதி, 1945இல் நாஜி வதைமுகாமில் 15 வயதில் செத்துப்போன ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பும் தமிழில் வந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.