பானை ஓடு சொல்லும் சாட்சி

வரலாற்றைப் புராணத்திலிருந்து எழுதத் துடிப்பவர்கள் பானை ஓட்டைக் கண்டு அஞ்சுகின்றனர். அது உழைத்தவர்களின் சாட்சியம் என்பதே காரணம்.

புனே மாவட்டத்தில், கோட் ஆற்றங்கரையிலுள்ள இனாம்காவில் 1968 முதல் 1983 வரை டெக்கான் கல்லூரி அகழாய்வு நடத்தியது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய அவ்வூரில் குயவர் சூளை கிடைத்தது. தானியக் களஞ்சியத்தின் அருகே ஊர்த்தலைவனின் ஐந்தறை வீடு. நடுவில் வசதி படைத்த உழவர்கள். குயவர் உள்ளிட்ட கைவினைஞர்களோ மேற்கு ஓரத்தில். ஏற்றத்தாழ்வின் தொடக்கத்தை மண்ணே பதிந்து வைத்திருக்கிறது.

அக்குயவரின் தொழில்நுட்ப அறிவை இன்று நிறமாலையியல் வாசிக்கிறது. சூளையில் காற்று தாராளமாகப் புகுந்திருந்தால் மண்ணிலுள்ள இரும்பு ஹேமடைட்டாகிச் சிவக்கும். காற்றை அடைத்திருந்தால் மேக்னடைட்டாகிக் கறுக்கும். கால்சைட் சுமார் 800 டிகிரி செல்சியசில் சிதையும். அது எஞ்சியிருக்கிறதா என்பதே சூளையின் வெப்பத்துக்கு அளவுகோல். தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு கீழடி அறிக்கையில், வேலூர் வி.ஐ.டி. ஆய்வு 1,100 டிகிரி வரை எட்டிய சூளைத் திறனைக் காட்டியது.

ஆனால் ஒன்றிய அரசு செய்தது என்ன? கீழடியின் முதல் இரு கட்ட அகழாய்வு குறித்து அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையை, 2025 மே மாதம் திருத்தம் கோரித் திருப்பி அனுப்பியது இந்தியத் தொல்லியல் துறை. அறிவியல் சான்று போதாது என்றார் ஒன்றியப் பண்பாட்டு அமைச்சர். சரஸ்வதி நதியைத் தேடும்போது மட்டும் இந்தக் கறார் எங்கே போனது?

சான்றில் உண்மையான அக்கறை இருந்தால் ஆய்வகங்களுக்கு நிதி ஒதுக்கட்டும். அறிக்கையை உடனே வெளியிடட்டும். உழைப்பாளரின் வரலாற்றை முடக்கும் முயற்சியை மக்களிடம் அம்பலப்படுத்துவோம்!