மானியத்தை வெட்டினால் யாருக்கு வலிக்கும்?

சீனாவோடு ஒப்பந்தம் போட்ட பல்கலைக்கழகங்களுக்கு அரசு நிதியை நிறுத்தச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். சீனத் தாக்கம் குறித்த அவர் அச்சம் நியாயமானது, மருந்து தவறானது. 2020-ல் மத்திய கல்வி அமைச்சகம் மறு ஆய்வுக்கு எடுத்த, சீன அரசு ஆதரவில் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் மையங்களின் பட்டியலில் வேலூர் வி.ஐ.டி.யும் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் இருந்தன. முன்னது தனியார்; அரசு நிதியை நம்பி நடப்பதல்ல. பின்னது அரசுப் பல்கலைக்கழகம். ஆக, அடி விழுவது அரசுப் பல்கலைக்கழகத்தை நம்பிப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குத்தான்.

சீன ஒப்பந்தங்களுக்கு உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் முன் அனுமதி வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. அதைக் கறாராக அமல்படுத்துங்கள். ஒப்பந்தங்களைப் பொதுவெளியில் வையுங்கள்.

சீன மொழிப் படிப்பு நமக்கும் தேவை. 2025-ல் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் தன் இந்திய ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்களைத் திரும்ப அழைத்தது. இங்கே அந்த இடங்களை நிரப்ப, இயந்திரத்தோடு சீன மொழியும் தெரிந்த நம் பிள்ளைகள் வேண்டாமா?