எதிரே வருபவரின் கண்

மாமன் காருக்கு எல்.இ.டி. பல்பு மாட்டி "மெக்கானிக்" என்று பெயர் வாங்கியவன் நான். போன மாதம் திருப்பூரில் பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் முடிந்து காங்கேயத்துக்கு மொபெட்டில் வந்த அப்பா, எதிர்வந்த வெள்ளை வெளிச்சத்தில் பள்ளத்தில் இறங்கிவிட்டார். "கண்ணே தெரியலடா சாமி!" அந்தக் காருக்கும் என்னைப் போல ஒருத்தன்தான் மாட்டியிருப்பான்.

60/55 வாட் எச்4 ஹாலஜனில் டிம் பிலமென்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு உண்டு. வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அதுதான். பிலமென்ட் நிற்கும் இடத்தை வைத்தே ரிப்ளெக்டரை வளைக்கிறார்கள். எல்.இ.டி. அந்த இடத்தில் அச்சாக அமையாவிட்டால் வெளிச்சம் சிதறும். டிம் போட்டும் பிரயோசனமில்லை. (கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வரும் ஹெட்லைட் வேறு சங்கதி.)

வெளிச்சம் பத்தலையா? முதலில் மஞ்சளடித்த கண்ணாடியையும் வயரிங்கில் வோல்டேஜையும் பாருங்கள். நான் பழைய பல்பையே மாட்டி, சுவரில் அடித்துப் பார்த்து உயரம் சரி செய்தேன். மாமனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.