தனித் தம்ளர்

க்ஷயரோகம் என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? வைத்தியம் அல்ல; நோயாளிக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் ஒதுக்கப்படுகின்றன. நோயாளி மருமகளாக இருந்துவிட்டால் அவளே தாய்வீட்டுக்கு ஒதுக்கப்படுகிறாள். இதற்குச் சுத்தம் என்று பெயர்!

இந்தச் சுத்தத்தின் மீது எனக்கு மதிப்பில்லை. இந்நோய் இருமலோடு காற்றில் பரவுவது. தம்ளரில் ஒட்டிக்கொண்டு வருவதல்ல.

1956-ல் சென்னையில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏழை நோயாளிகள் 193 பேர். ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியை அவரவர் வீட்டிலேயே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு; அரைகுறைச் சாப்பாடு. ஆயினும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். கூட வாழ்ந்த பெண்டு பிள்ளைகளுக்கும் அதனால் நோய் அதிகமாக வந்துவிடவில்லை. 1959-ல் முடிவு வெளியாயிற்று. உலகம் சானடோரியங்களைக் கைவிடத் தொடங்கியது. நாம் தம்ளரைக் கைவிடவில்லை.

"அப்படியானால் ஜாக்கிரதையே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளியைச் சோதியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெரும்பாலும் ஆறு மாத மருந்துதான். ஒரு நாளும் தவறாமல் கொடுங்கள். சரியான மருந்து உள்ளே போகப் போக, பரப்பும் வேகம் சீக்கிரமே அடங்கிவிடும்.

ஊருக்கு நோயைக் கொடுப்பவன் மருந்து சாப்பிடுகிறவன் அல்ல. ஊர் பேசுமே என்று இருமலை மறைக்கிறவன். அவனை மறைக்க வைத்தது யார்? அந்தத் தம்ளரைத் தனியே எடுத்து வைத்த கைதான்!