நாவைக் கழற்றி வைத்துவிட்டு நுழைக!

பொறியியற் கல்லூரி வாயிலில் இன்று நம் பிள்ளைகளை நாவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருமாறு பணிக்கின்றனர். எழுதி ஒட்டாத கட்டளை அது. எனினும் முதலாண்டு மாணாக்கர் அனைவரும் முதற்கிழமையிலேயே படித்துக் கொள்கின்றனர்.

நெய்வேலியில் தமிழ்வழி பயின்று, மேனிலைத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற என் மாணாக்கன் ஒருவன், வெளியூர்க் கல்லூரியொன்றிற் சேர்ந்து ஒரு திங்கள் கழித்து வீடு வந்தான். விடுதி பழகிற்றா என வினவினேன். “விடுதியும் சோறும் பழகிவிட்டன ஐயா, வகுப்புத்தான் பழகவில்லை. விடை தெரிகிறது, எழுந்து நின்றால் சொல் வரவில்லை” என்றான். முன்வரிசையில் அமர்ந்தவன் பின்வரிசைக்குப் போய்விட்டானாம்.

தமிழ்மக்களே! அவன் அறியாதவனா? 1956இல் நிறுவனமாக அமைந்த இச்சுரங்கத்தில் உழைத்தவரின் பெயரன் அவன். தந்தையும் அங்கேயே பணியாற்றுபவர். பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கின்றது. இரவும் பகலும் அதனை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிடில், மேலுள்ள மண்ணை அகழ அகழச் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பீறிடும். இதனைப் பத்து அகவையிலேயே தந்தை வாய்க் கேட்டு, எனக்கு மண்ணிற் கோடு கிழித்து விளக்கியவன் அவன்! அதே நீரழுத்தம் ஆங்கில உடுத்து வகுப்பறைக்குள் வந்தபோது, அவனுக்கு அயலாகிவிட்டது. அறிவை வளர்க்க அனுப்பினோம். இருந்த அறிவையும் ஊமையாக்கித் திருப்பியனுப்புகின்றனர்.

தமிழிற் பொறியியல் இயலுமா எனக் கேட்கும் ஆங்கில அடிவருடிகளை நான் கேட்கிறேன்: இங்கே மண்ணகழும் பெருஞ்சக்கரப் பொறிகளைச் செய்தளித்த செருமானியர் தம் தொழிலை ஆங்கிலத்திலா கற்றனர்? 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களும் ஆக்குவித்தார். அயலானுக்கு இயன்றது நமக்கு இயலாதாம்!

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியிற் தொடங்கிற்று. வரவேற்றோம். ஆனால் வகுப்பைத் திறந்தால் போதுமா? ஆண்டுதோறும் புதுக்கிய நூல் வேண்டும். தமிழில் நடத்தப் பழகிய ஆசிரியர் வேண்டும். படித்து முடித்தவனை ஏற்கும் பணி வேண்டும். இவற்றை அரைகுறையாக விட்டுவிட்டு, சேர்க்கை குறைந்ததென்று 2023 மே திங்களில் உறுப்புக் கல்லூரிகளில் அப்பிரிவுகளை நிறுத்துவதாக அறிவித்தனர். எதிர்ப்புக் கிளம்பவே பின்வாங்கினர். நீரூற்றாமல் பயிரை வாடவிட்டு, விளைச்சல் இல்லையென்று வயலைக் குறை கூறும் உழவனை எவரேனும் கண்டதுண்டா?

தமிழ்வழி பயின்றார்க்குத் தமிழ்நாட்டரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. எனின், நெய்வேலி நிறுவனம் நடுவணரசினது. அச்சட்டம் அதன் வாயிலைத் தொடாது. 2022இல் அது பொறியாளரைத் தேர்ந்தது ‘கேட்’ தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு. அத்தேர்வோ ஆங்கிலத்திலேயே நடப்பது. நிலம் தமிழனது, கேள்வித்தாளில் மட்டும் அவன் மொழிக்கு இடமில்லை. அத்தேர்வைத் தமிழிலும் எழுதும் உரிமையை நாம் கேட்டுப் பெறவேண்டும்.

நம்மவரையும் விடுவதற்கில்லை. மேடையில் முழங்கிவிட்டு, தம் மக்களை ஆங்கிலப் பள்ளி ஊர்தியில் ஏற்றியனுப்பும் அன்பர்கள் நம் அணியிலும் உளர். தமிழ்வழிப் பிரிவிற் சேர்க்கை குறைந்ததற்கு அவர்களும் விடை கூறட்டும்.

அம்மாணாக்கனிடம் ஒரு வெற்றேடு கொடுத்துள்ளேன். வகுப்பிற் கேட்கும் ஒவ்வொரு கருத்தையும் அன்றிரவே தன் தமிழில் எழுதி வருகிறான். சொல்லை நான் திருத்துவேன். பொருளைத் திருத்தப் பொறியாளர் வேண்டும். நகரியத்தில் வாழும் தமிழ்ப் பொறியாளரே, ஓய்வு பெற்றோரே! விடுமுறைக்கு ஊர் வரும் முதலாண்டுப் பிள்ளைகளை உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, நீங்கள் சுரங்கத்திற் கண்டதைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். முதல் ஏட்டோடு அவனையே உங்களிடம் அனுப்புகிறேன்.