மெஷினுக்கு எதற்கு மாஸ்டர்?

லெக் பிரஸ் மெஷினில் 120 கிலோ தள்ளிக்கொண்டிருந்தேன். நானேதான். நாற்பத்தாறு வயது, பேனாவைத் தவிர எதையும் தூக்கிப் பழகாத ஆசாமி. 'சூப்பர் சார்!' என்றார் ஜிம் மாஸ்டர். அதே வாரம், வாசலில் வைத்துவிட்டுப் போன 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தேன். இடுப்பில் பளிச்சென்று ஒரு பிடிப்பு. நாலு நாள் படுக்கை. மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

120 கிலோ தள்ளுகிறவனை 20 கிலோ எப்படிச் சாய்க்கும்? நான் பி.காம். கணக்கு உதைத்தால் தூக்கம் வராது. நோண்டிப் பார்த்தேன்.

முதல் ஓட்டை அந்த 120-லேயே இருக்கிறது. லெக் பிரஸ்ஸின் பலகை 45 டிகிரி சரிவில் ஓடுகிறது. அந்தச் சரிவில் எடையில் சுமார் 70 சதவீதம்தான் காலுக்கு வரும். மிச்சத்தைத் தண்டவாளம் சுமந்துகொள்ளும். ஆக, என் 120 உண்மையில் 85. (பலகைக்கும் ஒரு எடை உண்டு. கூட்டிக்கொள்ளுங்கள், என் மானம் கொஞ்சம் மிஞ்சும்.) சில கேபிள் மெஷின்கள் இன்னும் மோசம். நடுவில் நகரும் கப்பி இருந்தால், தகட்டில் 20 என்று போட்டிருப்பது கைக்கு வரும்போது 10. இந்த மாதிரி பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

இரண்டாவது ஓட்டை பெரியது. மெஷினில் முதுகை மெத்தை தாங்குகிறது. எடை எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதைத் தண்டவாளம் முடிவு செய்கிறது. தண்ணீர் கேனுக்கு மெத்தையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. 30 கிலோ வரும் கேஸ் சிலிண்டருக்கும் இல்லை.

1970-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் நாட்டிலஸ் மெஷினைக் கொண்டுவந்தார். அசைவின் ஒவ்வொரு கட்டத்திலும் தசையின் பலத்துக்கு ஏற்ப எடை மாறவேண்டும் என்பது யோசனை. மூளைக்கார மனுஷன். ஆனால் ஜிம் முதலாளிகளுக்கு அதில் வேறொரு வசதி கிடைத்தது. உட்கார், பின்னைச் செருகு, தள்ளு. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம்.

சரி, ஆள் வேண்டாம் என்றால் 'பர்சனல் ட்ரெயினிங்' என்று தனியாகக் காசு எதற்கு? என் உயரம் ஐந்தடி மூன்று. பக்கத்து மெஷின்காரர் ஆறடி. சீட்டை ஏற்றி இறக்கலாம், தண்டவாளம் இருவருக்கும் ஒன்றுதான். எனக்கென்றே போட்டதாகச் சொன்ன சார்ட்டும் அவர் சார்ட்டும் கமா மாறாமல் ஒன்று! டம்பெல் அப்படியில்லை. உங்கள் தோள் எப்படியோ, அப்படிப் போகும்.

கேட்டேன். 'மெஷின்னா சேஃப் சார். ஃப்ரீ வெயிட்ஸ்ல அடிபட்டுரும்' என்றார். அடிபடாமல் தூக்கச் சொல்லித்தரத்தானே ஐயா காசு! நீச்சல் மாஸ்டர் ஒருவர், தண்ணீரில் இறங்கினால் ஆபத்து என்றால் ஒப்புக்கொள்வீர்களா? கர்லாக்கட்டை சுற்றச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். கட்டை மண்டையில் விழுமே என்ற பயத்திலாவது. இங்கே மாஸ்டரின் கண் செல்போனில். அவரை மட்டும் குறை சொல்வதும் தப்பு. ஒரே நேரத்தில் மூன்று பேரை அவர் தலையில் கட்டுகிறது நிர்வாகம். மூன்று பேரை மெஷினில்தான் உட்காரவைக்க முடியும்.

மெஷினே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். முட்டி ஆபரேஷன் ஆனவருக்கு, துணையில்லாமல் தனியாகச் செய்பவருக்கு அது நல்லது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் வந்த ஒரு அறிக்கை, தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்கிறது. ஆனால் பலம், எதில் பழகினீர்களோ அதில்தான் அதிகம் தெரிகிறதாம். நான் பழகியது சாய்ந்து உட்கார்ந்து தள்ள. தண்ணீர் கேனை யாரும் சாய்ந்து உட்கார்ந்து தூக்குவதில்லை.

உங்கள் மாஸ்டரிடம் அடுத்த மாதப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால், தரையில் இருக்கும் ஒரு பொருளைத் தூக்கச் சொல்லித்தருவாரா என்று கேளுங்கள். 'மெஷினுக்கு வாங்க' என்றால், பணம் பையிலேயே இருக்கட்டும்.

நான் வேறு ஜிம்முக்கு மாறினேன். அங்கே ஒரு பையன், முதல் இரண்டு வாரம் இரும்பையே தொடவிடவில்லை. ஒரு குச்சியை முதுகோடு வைத்து, தலை, முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது ஒட்டியிருக்க இடுப்பை மடக்கச் சொன்னான். குச்சிக்கா இவ்வளவு காசு என்று எரிச்சலாக வந்தது. அப்புறம் 20 கிலோ பார். இப்போது தட்டுகளோடு சேர்த்து 40. சரிவு, கப்பி எதுவும் கலக்காத அசல் 40.

தண்ணீர் கேனை இப்போது நான்தான் தூக்குகிறேன். மனைவி மட்டும் இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறார்.